கொலிஸ்டின் தடையும் நாம் கேட்கும் தப்பான கேள்வியும்

2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் கொலிஸ்டினுக்குத் தடை போட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன், தீவனம் எதிலும் இந்த ஆன்டிபயாடிக் கூடாது. நல்ல ஆணைதான். ஆனா நாமக்கல் பக்கம் இந்தப் பேச்சு வந்தாலே, "முட்டை சாப்பிட்டா கிட்னி போயிடுமா?" என்பதோடு நின்றுவிடுகிறது. கேள்வியே தப்பு.

கொலிஸ்டினால் கிட்னியும் நரம்பும் பாதிக்கப்படலாம், உண்மை. ஆனால் அது முக்கியமாக ஊசி வழியாக ஏற்றும்போது வரும் பிரச்சனை. அதனால்தான் 1970களில் டாக்டர்கள் இதை ஓரங்கட்டினார்கள். வேறு மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதும், ஐசியூவில் கடைசி ஆயுதமாகத் திரும்ப எடுத்தார்கள். இப்பவும் கிரியாட்டினின் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

கோழி வாய்வழியாகத் தின்றால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. சிக்கலே அங்கதான். மருந்து குடலிலேயே தங்கி, தன்னைத் தாங்கும் கிருமிகளை மட்டும் மிச்சம் வைக்கிறது. அவை எச்சத்தோடு வெளியேறி, எருவாக வயலுக்குப் போகலாம். 2015இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்த எம்சிஆர்-1 மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு காப்பி-பேஸ்ட் மாதிரி தாவக்கூடியது. முட்டையை வேகவைப்பது இதற்குத் தீர்வல்ல.

2019 ஆணையின் குறையும் இதே இடத்தில்தான். பிளாக்லிஸ்டில் ஒரே ஒரு பெயரைச் சேர்த்தது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடவில்லை. நோயே இல்லாத கோழிக்கு எதுக்கு மருந்து? அதைக் கேட்காத வரை, ஐசியூவில் படுத்திருப்பவருக்குக் கடைசி ஊசியும் வேலை செய்யாமல் போகலாம்.