சந்து காட்டும் பாடம்

எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூள் 1947இல் வெளியிட்ட ‘ஸுகாகுல் மிதக்’ என்னும் புதினத்தை ஹமீதா என்ற பெண்ணின் வீழ்ச்சிக் கதையாக மட்டும் படிப்பது போதாது. பழைய கெய்ரோவில், அல்அஸ்ஹருக்கு அணித்தேயுள்ள ஒரு சந்து தன் மக்களை இழந்த கதையே அது என்பது எம் கருத்து.

காலம் இரண்டாம் உலகப்போர். ரபாப் இசைத்துக் கதை பாடி வந்த முதிய பாவலரை, வானொலி வந்துவிட்டதென்று கூறிக் கஹ்வாக் கடைக்காரர் கிர்ஷா தொடக்கத்திலேயே வெளியேற்றுகிறார். அவர் மகன் ஆங்கிலேயர் முகாமின் கூலியை நாடிச் சென்றவன். ஹமீதாவை மணக்கப் பொருள் தேட வேண்டி நாவிதன் அப்பாஸும் கடையைத் துறந்து அவ்வழியே போகிறான். ஹமீதாவோ பகட்டை விரும்பிக் கயவன் ஒருவனின் வலையில் வீழ்ந்து மானமிழக்கிறாள். முடிவில் அப்பாஸ் ஆங்கிலேயச் சிப்பாய்களால் அடித்துக் கொல்லப்படுகிறான். சந்தின் சுவர் எதுவும் இடியவில்லை. ஆயினும் சந்து சிதைந்தது. உயர வேண்டுமாயின் வெளியேற வேண்டும் என்று இளையோர் நம்பியதே அச்சிதைவின் வேர்.

இப்புதினத்தில் நாம் ஊன்றி நோக்கத்தக்கவர் ரிள்வான் ஹுஸைனி. தம் வீட்டில் குடியிருக்கும் எளியோரின் வாடகையை உயர்த்த அரசாணை தந்த உரிமையை விட்டுக் கொடுத்தவர் அவர். இதனை ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அண்டை அயலார் வழிதவறியதில் தமக்கும் பங்குண்டென்று ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் அவர் வருந்துகிறார். ஆனால் அவ்வருத்தம் ஊர்ச்செயலாக மலர்வதை நாவல் காட்டவில்லை. தனியொருவரின் நற்குணம் இளைஞனுக்குப் பிழைப்புத் தராது என்பதை ஆசிரியர் உணர்த்தியிருக்கிறார். அதற்கப்பால் அவர் செல்லவில்லை.

அப்பாலுள்ள வழியை, அச்சந்துக்கு அண்மையிலுள்ள தர்புல் அஹ்மர் பகுதியில் காணலாம். பல நூற்றாண்டுகளாக இடிபாடும் குப்பையும் குவிந்த மேட்டினை ஆகாகான் அறக்கட்டளை 30 ஹெக்டேர் பூங்காவாக்கியது. 2005இல் அது திறக்கப்பட்டது. மண்ணில் புதைந்திருந்த அய்யூபியர் கால மதிலும் சுமார் 1.5 கிலோமீட்டர் நீளம் வெளிப்பட்டது. பூங்கா வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் ஏழை வெளியேற நேரும். எனவே, குடியிருப்போரை அகற்றாமலே வீடுகளைச் செப்பனிட்டனர். சிறுகடனும் தொழிற்பயிற்சியும் வழங்கினர். அவ்வுதவி எல்லா வீடுகளையும் எட்டவில்லை. எனினும் சென்ற திசை நேரியது.

‘அல்ஜாரு கப்லத் தார்’, வீட்டிற்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்பது அரபுப் பழமொழி. பழைய பேட்டைகளைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் கேட்க வேண்டியது, அந்நாவிதன் கடை திறந்திருக்கிறதா என்பதே. அக்கேள்வியை எழுப்புவதால்தான் இப்புதினம் இன்றும் படிக்கத் தக்கதாகிறது.