கோப்பைத் திறந்தவர் யார்? மின்னணு மருத்துவப் பதிவேடுகளின் வலிமையும் குறையும்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் வாழும் ஒருவர் நீரிழிவுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கையும், காய்ச்சலுக்குக் கடைவரிசையிலுள்ள தனியார் கிளினிக்கையும், திடீர் நெஞ்சுவலிக்குத் தெமெங்கோங் ஸ்ரீ மகாராஜா துன் இப்ராகிம் மருத்துவமனையையும், மேல்சிகிச்சைக்கு ஜொகூர் பாருவிலுள்ள சுல்தானா அமினா அல்லது சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையையும் நாடுவது வழக்கம். உடல் ஒன்றாக இருக்க, அதைப் பற்றிய எழுத்து நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இந்தச் சிதறலைத் தீர்க்கவே மின்னணு ஆவண மேலாண்மை முன்வைக்கப்படுகிறது. நோயாளி பற்றிய குறிப்புகள், பரிசோதனை முடிவுகள், படங்கள், ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றைக் கணினியில் உருவாக்கி, சேமித்து, தேடியெடுத்து, உரியவரோடு பகிர்ந்து, காலம் முடிந்தபின் முறைப்படி அழிப்பது வரையிலான முழு ஒழுங்கையும் அச்சொல் குறிக்கும்.

இவ்வாவணங்களின் பாதுகாப்பை மூன்று பண்புகளால் அளப்பது தகவல் பாதுகாப்புத் துறையின் மரபு: உரிமையற்றவர் பார்க்க முடியாத மறைகாப்பு, எழுதியது எழுதியபடியே நிற்கும் மாறாமை, வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டும் கிடைப்பு. இவற்றோடு நான்காவதாகப் பொறுப்புடைமையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். கோப்பைத் திறந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை வைத்திருப்பதும், அவ்விடையை உரியவரிடம் சொல்வதுமே பொறுப்புடைமை. காகிதத்தைவிட மின்னணு முறை தெளிவாக மேலோங்கி நிற்பது இந்த நான்காவது பண்பில்தான். மலேசிய நடைமுறை மிகவும் பின்தங்கியிருப்பதும் அதே இடத்தில்தான்.

பேரேட்டிலிருந்து கணினிக்கு

கூலாய் வட்டாரத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளரின் நோய்களை முதலில் எழுத்தில் பதிந்தவர் தோட்ட மருத்துவ உதவியாளர். தொழிலாளர் வாயில் அவர் ‘டிரஸர்’. அவரது பணியை ஒழுங்குபடுத்த 1965-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அவருடைய பேரேடு தோட்டத்தின் உடைமையாக இருந்ததால், வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்த தொழிலாளி தன் நோய் வரலாற்றை விட்டுவிட்டே போக நேர்ந்தது. இன்று அதே கூலாயில், முன்னாள் கூலாய் யங் தோட்ட நிலத்தில் வைடிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா எழுந்துள்ளது. செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவிலும் தரவு மையங்கள் இயங்குகின்றன. எனினும் தரவு மையங்களின் பெருக்கம், அருகிலுள்ள கிளினிக்குகளின் பதிவேடுகள் ஒழுங்குபட்டுவிட்டதற்குச் சான்றாகாது.

பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் திட்டம் பழையது. மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் ஓர் அங்கமாக 1997-இல் அறிவிக்கப்பட்ட தொலைச்சுகாதாரத் திட்டம், ஒவ்வொரு குடிமகனுக்கும் வாழ்நாள் சுகாதாரப் பதிவு ஒன்றை இலக்காகக் கொண்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைமருத்துவச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை நாட்டின் முதல் காகிதமற்ற மருத்துவமனை என்று பெயர் பெற்றது. அதன்பின் அரசாங்க மருத்துவமனைகள் முழுமை, இடைநிலை, அடிப்படை என மூன்று தரத் தகவல் அமைப்புகளாகப் பிரிந்தன. ஜொகூரில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை முழுமையான அமைப்போடு கட்டப்பட்டது. பல மருத்துவமனைகள் நெடுங்காலம் காகிதத்திலேயே இயங்கின. 2023 ஜூன் 15-இல் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும், அதன்பின் சுகாதார அமைச்சு பேசிவரும் ‘ஒருவருக்கு ஒரே பதிவு’ என்ற இலக்கும், 1997-இன் கனவு கால் நூற்றாண்டுக்குப் பின்னும் கைகூடவில்லை என்பதைக் காட்டுகின்றன.

நிறைகள்

காகிதக் கோப்பின் குறைகளை மறந்துவிட்டு மின்னணு முறையைக் குறைகூறுவது நியாயமாகாது. காகிதக் கோப்பு ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போன கோப்பு பதிவறைக்குத் திரும்பாத நிலையில் அவசரப் பிரிவு தற்காலிகக் கோப்பைத் திறக்க, ஒரே நோயாளியின் வரலாறு இரண்டாகப் பிளக்கும். பென்சிலின் ஒவ்வாமை என்ற குறிப்பு பழைய கோப்பின் அட்டையில் சிவப்பு மையில் இருந்தாலும் புதிய கோப்பில் இருக்காது. மின்னணுப் பதிவில் அக்குறிப்பு மருந்து எழுதும் கட்டத்திலேயே எச்சரிக்கையாக எழுகிறது. மருத்துவரின் கையெழுத்தை மருந்தாளர் ஊகிக்க வேண்டிய தேவையும் நீங்குகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் கண்ட பெருவெள்ளம் போன்ற இடர்களில், தரைத்தளப் பதிவறையில் அடுக்கிய காகிதத்துக்குத் தப்ப வழியில்லை. வேறோர் ஊரில் நகல் வைக்கப்பட்ட மின்னணுப் பதிவுக்கு வழியுண்டு.

சட்ட நோக்கிலும் மின்னணு ஆவணத்துக்குத் தகுதி உண்டு. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, வழக்கமான பயன்பாட்டில் உள்ள கணினி தரும் ஆவணத்தை உரிய சான்றோடு நீதிமன்றம் ஏற்க இடமளிக்கிறது. அவ்வாவணத்தின் மதிப்பை உயர்த்துவது தணிக்கைத் தடம், அதாவது எந்தப் பயனர் எந்த நேரத்தில் எந்தக் கணினியிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தார், எதைச் சேர்த்தார், எதை மாற்றினார் என்பதை அமைப்பு தானாகவே குறித்துக்கொள்ளும் பதிவு. காகிதக் கோப்பை ஒருவர் பிரித்துப் படித்துவிட்டு வைத்தால் சுவடே இராது. ஓர் ஊழியர் தன் உறவினரின் பரிசோதனை முடிவை வெறும் ஆர்வத்தால் பார்த்தால்கூட அது பதிவாகும் என்பது மருத்துவ ஆவண வரலாற்றிலேயே புதியது.

குறைகள்

ஆனால் பதிவுகள் ஒன்றுதிரளும்போது அவற்றின் ஆபத்தும் திரள்கிறது. ஒரு பதிவறையிலிருந்து பதினைந்து லட்சம் கோப்புகளை யாராலும் தூக்கிச்செல்ல முடியாது. நீரிணைக்கு அப்பால், கூலாய்வாசிகள் பலர் வேலைக்குச் சென்றுவரும் சிங்கப்பூரில், 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரையிலான ஒரே வாரத்தில் சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்களும் அவர்களில் சுமார் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் களவாடப்பட்டன. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். விசாரணைக் குழு வெளிக்கொணர்ந்த குறைகளில் ஒன்று கவனத்துக்குரியது: நிர்வாகி நிலைக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல், ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே இரண்டு எழுத்துகளைக் குறியீடாகவும் எண்ணாகவும் மாற்றியதாக இருந்தது. மலேசியாவில் களவுக்கான முயற்சிகூடத் தேவைப்படாத நிலையும் இருந்தது. ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவப் படங்களைச் சேமிக்கும் சேவையகங்கள் பல நாடுகளில் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன. அவற்றில் மலேசிய நோயாளிகள் ஏறத்தாழ 20,000 பேரின் பதிவுகளும் அடங்கும்.

இரண்டாவது குறை முடக்கம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைநிரல் தாக்குதல் 2017 மே மாதம் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையையும், 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையையும் நிலைகுலையச் செய்தது. எய்ம்ஸ் ஊழியர்கள் பல நாள்கள் மீண்டும் கையால் எழுதிப் பணியாற்ற நேர்ந்தது. நகல்களைத் தனியே பிரித்துவைப்பதும், அந்நகலிலிருந்து மீட்டெடுப்பதை அவ்வப்போது ஒத்திகை பார்ப்பதும், மின்சாரமோ இணைப்போ இல்லாத நேரத்துக்கான காகிதப் படிவங்களைத் தயாராக வைப்பதும் கிடைப்புப் பண்பின் பகுதிகளே.

மூன்றாவது குறை அடையாளம் சார்ந்தது. மலேசியப் பதிவுகள் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணையே திறவுகோலாகக் கொண்டுள்ளன. அட்டை உள்ளவருக்கு இது வசதி. செனாய், கூலாய் தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் அந்நியத் தொழிலாளி கடப்பிதழைப் புதுப்பிக்கும்போது அதன் எண் மாறுவதால், பழைய எண்ணைத் தொடர்புபடுத்தாத பதிவு முகப்பில் அவர் புதிய நோயாளியாகிவிடுகிறார். பிறப்புப் பத்திரம் சிக்கலில் மாட்டி அடையாள அட்டை பெறாத இந்தியக் குடும்பத்தினரோ மருத்துவமனை தரும் எண்ணுக்கு மேல் வேறு அடையாளம் இல்லாதவர்கள். எண்ணால் தேட முடியாதபோது பெயரால் தேட வேண்டும். முத்துசாமி என்ற ஒரே பெயர் ரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதப்படும் சூழலில் அத்தேடல் தவறான கோப்பில் முடியலாம். பிறர் கோப்பில் எழுதப்பட்ட சரியான குறிப்பு, மாறாமைப் பண்பையே உள்ளிருந்து குலைக்கிறது.

நான்காவது குறை, மேலே நிறையாகச் சொல்லப்பட்ட தணிக்கைத் தடத்தையே பொய்யாக்குவது. கூட்டம் நெரியும் காலை வேளையில் ஒரு தாதி தன் கடவுச்சொல்லால் திறந்த கணினியில் மற்ற மூவரும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்வது உலகெங்கும் மருத்துவமனைகள் அறிந்த வழக்கம். வெளியேறி மீண்டும் நுழைவதற்கு ஆகும் நேரம் வரிசையில் நிற்கும் நோயாளியின் நேரம் என்பதால், இதை வெறும் ஒழுங்கீனம் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் விளைவு ஒன்றே: நால்வர் செயலுக்கும் ஒருவர் பெயர் பதிவாகிறது. அட்டையைத் தொட்டதும் நொடியில் பயனர் மாறும் வசதியைச் செய்துதராமல், கடவுச்சொல்லைப் பகிராதீர் என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்புவதால் இக்குறை தீராது.

உள்ளிருப்பவரும் சட்டமும்

வெளியாரைத் தடுக்கும் பூட்டுகள் பற்றியே பேச்சு மிகுகிறது. உள்ளே நுழையும் உரிமை பெற்றவரைப் பற்றிய பேச்சு குறைவு. 2019 ஜனவரியில் சிங்கப்பூரில் 14,200 எச்ஐவி நோயாளிகளின் விவரங்கள் கசிந்ததற்குப் பின்னால், பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்த ஒரு மருத்துவரோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவர் இருந்தார். மலேசியாவில், கோவிட் பெருந்தொற்றுக் காலத்து மைசெஜாத்ரா செயலியோடு இணைந்த தடுப்பூசிப் பதிவமைப்பில் உச்ச நிர்வாகிக் கணக்கு ஒன்று 2021 அக்டோபர் இறுதியில் முப்பது லட்சம் பேரின் விவரங்களைப் பதிவிறக்கியதைத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. அவ்வறிக்கை நாடாளுமன்றத்தை எட்டியது 2023 பிப்ரவரியில். பதிவிறக்கம் நடந்தது தெரியவந்ததற்குத் தடம் பதிவாகியிருந்ததே காரணம் என்பது அமைப்பின் வலிமை; விவரத்துக்கு உரியவர்கள் ஓராண்டுக்கு மேல் கழித்துச் செய்தித்தாளில் அதைப் படித்தறிந்தது அதன் பெருங்குறை.

இக்குறைக்குச் சட்டத்திலேயே வேர் உண்டு. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தை நுண்ணிய தரவாக வகைப்படுத்திச் சிறப்புக் காப்பு தருகிறது. 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் தொடர்ச்சியாக, 2025 ஜூன் முதல், தரவு மீறல் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடமும், பெருந்தீங்குக்கு இடமிருந்தால் அதன்பின் ஏழு நாள்களுக்குள் உரியவரிடமும் தெரிவிக்க வேண்டும். ஆனால் அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு கூட்டரசையும் மாநில அரசுகளையும் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. 2024 ஆகஸ்டு 26-இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் துறையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து அரசையும் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் அரசின்மேல் குற்றம் சாட்ட அதில் இடமில்லை, மீறலைத் தெரிவிக்கும் கடமையும் மேலதிகார அமைப்புகளை நோக்கியதே. ஆகவே கூலாய் கடைவரிசைத் தனியார் கிளினிக்கில் கட்டணம் செலுத்துபவருக்குத் தன் விவரம் கசிந்ததை அறியும் சட்ட உரிமை உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி செலுத்துபவருக்கு அவ்வுரிமை அதே அளவில் இல்லை. ஏழைகளும் முதியவர்களும் நாடுவது இரண்டாவது இடத்தை என்பதால், இந்த வேறுபாட்டின் சுமை அவர்கள்மேலேயே விழுகிறது.

காகித யுகத்தில் நோயாளியின் கையில் ஏதோ ஒன்றாவது இருந்தது. கர்ப்பிணிகள் கையோடு கொண்டுசெல்லும் பதிவுப் புத்தகத்தில் எடை, இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பிரசவ வலி வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதுவே வரலாறு. தன் பதிவைத் தானே சுமக்கும் இம்முறையைக் கணினி நீக்கும்போது, அதற்கு ஈடாகப் பார்க்கும் உரிமையை நோயாளிக்குத் தர வேண்டும். எஸ்டோனியாவில் குடிமக்கள் தம் சுகாதாரப் பதிவை இணையத்தில் திறந்து, அதை யார் எப்போது பார்த்தார் என்ற பட்டியலையும் காண முடிகிறது. காரணமின்றிப் பார்த்தவர் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை, எந்தச் சுற்றறிக்கையும் தராத கட்டுப்பாட்டை ஊழியரிடம் உண்டாக்குகிறது. இதற்கு எதிராக, பட்டியலைத் தவறாகப் புரிந்துகொள்ளும் நோயாளிகள் வீண் புகார்களைக் குவிப்பர் என்றும், ஆய்வுக்கூடம் முதல் மருந்தகம் வரை ஒரு சிகிச்சைக்கே பலர் கோப்பைத் திறப்பது இயல்பு என்றும் கூறலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. பெயருக்குப் பதில் பணிப்பிரிவையும் காரணத்தையும் காட்டி, ஐயம் எழும்போது மட்டும் பெயரை விசாரணைக்கு உட்படுத்தும் இடைவழி அதற்கு விடையாகும்.

மதிப்பீடு

மொத்தத்தில் மின்னணு ஆவண மேலாண்மை காகிதத்தைவிடச் சிறந்த கருவி. திரளும் ஆபத்தையும் முடக்கத்தையும் முறையான நகல்கள், மறையாக்கம், ஒத்திகை ஆகியவற்றால் தாங்கும் அளவுக்குக் குறைக்கலாம். அடையாளச் சிக்கல், பதிவு முகப்பில் பழைய எண்ணையும் கேட்டுத் தொடர்புபடுத்தும் பழக்கத்தால் பெருமளவு தீரும். எஞ்சுவது பொறுப்புடைமை. கூலாயின் கிளினிக்குகளும் மருத்துவமனையும் ஜொகூர் பாருவின் பெரிய மருத்துவமனைகளோடு ஒரே பதிவில் இணையும்போது, ஒருவரின் கோப்பைத் திறக்கக்கூடியவர் எண்ணிக்கை சில பத்திலிருந்து பல ஆயிரமாக உயரும். அவ்விணைப்புக்கு முன்பே அரசுக்குத் தரப்பட்ட சட்ட விலக்கை உடல்நலத் தரவைப் பொறுத்தமட்டில் நீக்குவதும், தணிக்கைத் தடத்தின் ஒரு பகுதியையேனும் நோயாளிக்குத் திறந்துவிடுவதும் செய்யப்பட வேண்டியவை. இணைப்பு முடிந்தபின் அவற்றைச் சேர்ப்பது கடினம். ஏனெனில் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் பழகிய அமைப்பு, கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையைப் பின்னாளில் இடையூறாகவே கருதும்.