சுக்ராத்தைக் கேட்கும் முறை

மன்திக் கலையின் முதற்படியில் நிற்கும் மதரஸா மாணவர் ஓதும் சிறு நூல்களுள் ஒன்று 'ஈஸாகோஜி'. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸீருத்தீன் அப்ஹரீ இயற்றியது. நூல் அரபு, பெயரோ கிரேக்கம். 'அறிமுகம்' என்பதே அதன் பொருள். முற்காலத்தில் பொருநை கடல் சேர்ந்த கொற்கையை முத்துக்காக அறிந்திருந்த யவனரின் சொல்லொன்று, இவ்வாறு அரபு உடை அணிந்து நம் ஓதற்கூடங்களில் அமர்ந்திருக்கிறது. ஆயினும், கிரேக்கத் தத்துவத்திற்குள் நுழைய விரும்பும் பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவருக்கு நாம் காட்டும் வாயில் எது?

பெரும்பாலும் பொன்மொழிகளையே காட்டுகிறோம். இது புதிய வழக்கமன்று. அரபுலகிலும் சுக்ராத் பெரிதும் பொன்மொழியாளராகவே அறியப்பட்டார். 11ஆம் நூற்றாண்டில் எகிப்தில் முபஷ்ஷிர் இப்னு ஃபாத்திக் தொகுத்த 'முக்தாருல் ஹிகம்' அன்னாரின் வாக்குகளை வரிசையாக அடுக்கித் தருகிறது. தமிழிலோ அவர் மேடையேறினார். 1956இல் வெளிவந்த 'ராஜா ராணி' திரைப்படத்தில் கலைஞர் கருணாநிதியின் உரையாடலைச் சிவாஜி கணேசன் முழங்கிய பின், சாக்ரடீஸ் என்றாலே நம்மவர் செவியில் அடுக்குமொழிதான் ஒலிக்கிறது. அந்நாடகத்தின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால், பிளேட்டோ எழுதிய எதிருரையில் எழுபது வயதுச் சாக்ரடீஸ் தொடக்கத்திலேயே கூறுவது யாது? தாம் பேச்சுவல்லவர் அல்லர். கடைத்தெருவில் பேசிப் பழகிய மொழியிலேயே பேசப் போவதாகக் கூறுகிறார். பொன்மொழியும் மேடையும் நமக்கு விடையைத் தந்தன; வினாவைத் தரவில்லை.

வினா நமக்கு அந்நியமானதா? அன்று. 1572ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் அளித்த 'ஆயிர மசலா' முழுவதும் வினாவும் விடையுமே. 'மஸ்அலா' என்ற அரபுச் சொல்லின் பொருளே வினா. அங்கு அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) வினவுகிறார்; நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்கிறார்கள். வினவுபவர் பெறுபவர், விடையளிப்பவர் அறிந்தவர். பிளேட்டோவில் இம்முறை தலைகீழாகிறது. வினவுபவர் தமக்குத் தெரியாது என்கிறார். தெரியும் என்பவரே விடையளிக்கத் திணறுகிறார். மசலாவில் பழகிய வாசகர், சாக்ரடீஸ் இறுதியில் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று தேடினால் ஏமாறுவார். வஹீயின் விடை வேறு. மனிதன் தன் அறியாமையை அளந்து பார்க்கும் முயற்சி வேறு. இவ்வேறுபாட்டை ஆசிரியர் முதல் நாளே உணர்த்திவிட வேண்டும்.

எனவே 'யூதிஃப்ரோ' என்னும் சிற்றுரையாடலே தொடக்கத்திற்கு ஏற்றது என்பது நம் துணிபு. ஒரு கூலியாளின் சாவுக்காகத் தன் தந்தையின் மீதே வழக்குத் தொடுக்க வந்தவர் யூதிஃப்ரோ. அதுவே இறைபக்தி என்பது அவர் உறுதி. பக்தி என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். தெய்வங்கள் விரும்புவது என்கிறார் அவர். தெய்வங்கள் தமக்குள் மாறுபட்டால்? தவ்ஹீதை ஏற்ற நமக்கு இத்தடை இல்லை. ஆனால் அடுத்த வினா நம்மையும் விடுவதில்லை: விரும்பப்படுவதால் ஒன்று நல்லதா, நல்லதாக இருப்பதால் விரும்பப்படுகிறதா? இது நம் இல்முல் கலாமில் ஹுஸ்ன், குப்ஹ் பற்றி எழுந்த விவாதத்திற்கு மிக நெருங்கியது. இறைக்கட்டளையே நன்மையை நன்மையாக்குகிறது என்றனர் அஷ்அரீகள்; அறிவே நன்மை தீமையை உணரவல்லது என்றனர் முஃதஸிலாக்கள். தாய்வீட்டில் கேட்ட வினாவை ஏதென்ஸில் மீண்டும் கேட்கும் மாணவருக்குத் தத்துவம் அயலாகத் தோன்றாது.

அதன்பின் எதிருரையும், சிறையிலிருந்து தப்ப மறுக்கும் 'கிரிட்டோ'வும் வரட்டும். அடுத்து, சதுரத்தின் பரப்பை இருமடங்காக்கும் வழியை அடிமைச் சிறுவன் ஒருவன் தன் பிழைகளினூடே கண்டடையும் 'மேனோ'. கி.மு. 399இல் நஞ்சருந்திய நாளைச் சொல்லும் 'பீடோ'வை இறுதியில் வைக்கலாம். அதில் கண்ணீரை மட்டும் கண்டு கடந்துவிடாமல், ஆன்மாவின் அழியாமை பற்றிச் சிம்மியாஸும் கெபெஸும் எழுப்பும் தடைகளில் மாணவர் நிற்க வேண்டும். வெ. சாமிநாத சர்மா தமிழாக்கிய 'பிளேட்டோவின் அரசியல்' பெருந்தொண்டே. ஆயினும் தொடக்கத்திற்கு உரியதன்று. அந்நூலின் முதற்பகுதிக்குப் பின் எதிர்ப்பவர் குரல் மெலிந்து, ஆமோதிப்பவர் குரலே மிகுகிறது.

ஈமானுக்கு இது ஊறாகாதோ என்று அஞ்சுவோர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை நோக்குக. 'தஹாஃபுத்'தில் தத்துவவாதிகளை வன்மையாக மறுத்த அப்பெருந்தகை, அவர்தம் கொள்கைகளைத் தாமே முயன்று கற்றார். 'மகாஸித்' என்னும் நூலில் அவற்றை நேர்மையாக விளக்கியும் காட்டினார். கல்லாமல் மறுப்பது அன்னாரின் வழியன்று. பிறர் வினாவை முழுதும் கேட்டபின் விடை கூறும் பண்பு நம் முன்னோரின் சொத்து. அதை நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது நம் கடன்.