படைக்கலப் பெயர்களும் எழுத்துக் குறுக்கமும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் அமைந்தது துவாஸ். மரக்கிளைகளையும் தென்னோலைகளையும் கடலில் இட்டு, அவற்றின் நிழலை நாடிவரும் மீன்களை வலைவீசிப் பிடிப்பதற்கு மலாய் மொழியில் வழங்கிய சொல்லே இப்பெயர்க்கு மூலம் என்பர். இன்று அங்கே தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஆயினும் பெயருக்குள் பழைய தொழில் நிற்கிறது. துவாசை நோக்கிச் செல்லும் விரைவுச்சாலையையோ மக்கள் ‘ஏ.ஒய்.இ.’ என்கின்றனர். ஆயர் ராஜா என்னும் பெயர் அம்மூன்று எழுத்துகளுள் மறைந்துவிட்டது. சொல் குறுகுதல் வேறு. பொருள் மறைதல் வேறு.

இவ்வேறுபாடு படைக்கலப் பெயர்களில் மிகத் தெளிவாகப் புலனாகும். துவாசை அடுத்த பாசிர் லாபாவில் 1966ஆம் ஆண்டு படைப்பயிற்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. சிங்கப்பூர்ப் படையினர் ஏந்தும் துப்பாக்கி, 1999இல் அறிமுகமான ‘எஸ்.ஏ.ஆர். 21’. அம்மூன்று எழுத்துகளே ‘தேடி மீட்டல்’ என்னும் பணிக்கும் ஆங்கிலத்தில் வழங்குகின்றன. கொல்லும் கருவிக்கும் காக்கும் தொழிலுக்கும் குறி ஒன்றே! எனினும் படைவீரன் மயங்குவதில்லை; கருவி அவன் கையில் இருக்கிறது. கருவியைக் காணாது பெயரை மட்டும் படிப்பவன் நிலை என்ன?

மேசைமேல் சிறு பதுமைப் படைகளை நிறுத்தி ஆடும் போர்விளையாட்டு நூல்களில் இவ்விடர்ப்பாட்டைக் காணலாம். பில் பார்க்கர் முதலானோர் இயற்றி 1990இல் வெளிவந்த ‘டி பெல்லிஸ் அன்டிகுவிடாடிஸ்’ இவ்வகையில் புகழ்பெற்றது. பண்டை உலகின் பற்பல படைகளையும், ஒரு படைக்குப் பன்னிரண்டு உறுப்புகளாக வகுத்து அட்டவணையில் அடக்கியது பெருந்திறமையே. தமிழர்க்கும் சிங்களவர்க்கும் உரிய சேனையும் அவ்வட்டவணைகளில் இடம்பெற்றுள்ளது. இத்துணைப் பரந்த செய்தியைச் சுருங்கச் சொல்லக் குறிகள் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. குறை, குறிகளைத் தேர்ந்த முறையிலேயே உள்ளது.

ஈட்டிப்படைக்கு ‘எஸ்.பி.’, கிரேக்கச் சொல்லால் வழங்கும் இலகு எறிபடைக்குப் ‘பி.எஸ்.’. விற்படைக்குப் ‘பி.டபிள்யூ.’, ஆவேசமாகப் பாயும் குலப்படைக்கு ‘டபிள்யூ.பி.’. எழுத்துகள் முன்பின் மாறினால், அணிவகுத்து நின்று தாங்கும் படை, எறிந்துவிட்டு விலகும் படையாகிவிடும். எட்டநின்று எய்வோர் கைகலக்கப் பாய்வோர் ஆகிவிடுவர். இன்னும் விந்தை, துணைப்படைக்குரிய ‘ஏ.எக்ஸ்.’ என்னும் குறி. கூட்டிப் படித்தால் அது ஆங்கிலத்தில் கோடரி ஆகும். ஆனால் கனத்த வெட்டுக்கருவி ஏந்துவோரை அந்நூல் சேர்த்திருப்பது வாட்படையில்! குறி பொருளை உணர்த்தாமை ஒரு குற்றம். வேறு பொருளை உணர்த்துதல் அதனினும் பெருங்குற்றம்.

இக்குறிகளை அப்படியே தமிழில் எழுதினால் மயக்கம் இருமடங்காகும். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் ‘பி’ என்றே நிற்கும். எனவே வில், வாள், நீளீட்டி, எறிபடை ஆகிய நான்கின் குறியும் ‘பி’ என்றே தொடங்கும். இது மொழிபெயர்ப்பு அன்று; ஒலிபெயர்ப்பும் ஆகாது.

தமிழ் மரபு சுருக்கத்தை வெறுத்ததில்லை. தேமா என்னும் வாய்பாடு நேர்நேர் ஆகிய சீரைக் குறிப்பது. அச்சொல்லே நேர்நேராகவும் நிற்கிறது. புளிமா நிரைநேரைக் குறிப்பது, தானும் நிரைநேரே. குறியே சான்றாகவும் அமையும் அழகு இது. சிலப்பதிகார அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளை வரிசையாகச் சொல்கிறது. ஊகம் என்றால் குரங்குருவப் பொறி. சிரல் என்றால் மீன்கொத்தி போலப் பாயும் பொறி. கருவி கண்ணுக்கு மறைந்தும், அதன் உருவம் பெயரில் தங்கியிருக்கிறது. ஆயினும் எல்லாப் பெயரும் தாமே விளங்குவன அல்ல. ‘பணை’ என்றால் முரசோ மூங்கிலோ என மயங்குவோம். அங்கே அடியார்க்கு நல்லார் உரை கைகொடுக்கிறது. 1892இல் உ.வே. சாமிநாதையர் அவ்வுரையோடு நூலைப் பதிப்பித்திராவிடின் அப்பொறிகளில் பல நமக்கு வெற்றுச் சொற்களாகவே இருந்திருக்கும்.

இதனின்று பெறப்படுவது ஒன்று. குறி தன் பொருளைத் தானே காட்டவேண்டும். இயலாதாயின் உரையைத் தன் பக்கத்திலேயே கொண்டிருக்கவேண்டும். இரண்டும் இல்லாத குறி, எழுதினவர்க்கே எளிமை. தமிழில் கலைச்சொல் ஆக்குவோரும் கற்பிப்போரும் ஆங்கில முதலெழுத்துகளைத் தமிழெழுத்தில் பெயர்த்துவைத்து அமைதல் தகாது. ‘ஈட்டி’ மூன்றே எழுத்து; அது மயக்கம் தருவதில்லை.

சிங்கப்பூரில் படைத்துறைக்குரிய தடைப்பகுதிகளின் வேலிகளில் எச்சரிக்கை நான்கு மொழிகளில் எழுதப்படுகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. அங்கே முதலெழுத்துக் குறிகள் இல்லை, முழுச்சொற்களே உள்ளன. படிப்பவன் உறுதியாக உணரவேண்டும் என்னும் கருத்து இருக்குமிடத்தில் சொல்லை முழுமையாகவே எழுதுகின்றனர். நூல் எழுதுவோரும் படிப்பவனை அங்ஙனமே மதித்தல் வேண்டும்.