கடத்தல்காரருக்கு வைத்த குறி

1985-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரர்களைக் குறிவைத்தது. அடி விழுந்ததோ புற்றுநோயாளிகள் மீது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் அவர்களின் வலியைத் தணிக்கும் மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சரிந்தது. இத்தனைக்கும் மார்ஃபினுக்கு மூலமான அபின் இங்கேயே விளைகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உழவர்கள் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். நீமச், காசிப்பூர் அரசு ஆலைகளிலிருந்து அபின் வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கும் போகிறது. உள்ளூர் நோயாளி வலியில் துடித்தார்.

சட்டம் மருத்துவர் கையைக் கட்டவில்லை என்பார்கள். ஏட்டில் அது உண்மை. நடப்பில், மார்ஃபின் வாங்க, வைத்திருக்க, கொண்டுசெல்ல எனத் தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன; மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி இருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியானது. தவறினால் பத்தாண்டுச் சிறை என்ற அச்சம் வேறு. மருந்துக் கடைகள் ஒதுங்கின, மருத்துவமனைகள் கைவிட்டன, மார்ஃபினைக் கையாளத் தெரியாத ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவானார்கள்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அபின் சாகுபடியைக் கண்காணிப்பது அவசியம். பிடிபட்ட அளவுக்கேற்பத் தண்டனையைப் பகுத்த 2001 திருத்தமும், சிகிச்சைக்கு முன்வரும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் பிரிவும் நல்லவை. ஆனால் தடையின் முதன்மை நோக்கம் நிறைவேறியதா? 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி நாட்டில் அபின் உண்போரைவிட ஹெராயின் பயன்படுத்துவோரே அதிகம்: 0.52 சதவீதத்துக்கு எதிராக 1.14. எளிதில் ஒளிக்கத்தக்க, வீரியம் கூடிய சரக்கே கடத்தலுக்கு ஏற்றது. தடை அதற்குத்தான் வழிவிட்டது.

மார்ஃபின் கள்ளச்சந்தைக்குக் கசியும் என்ற பயத்துக்குக் கேரளம் அப்போதே பதில் சொல்லிவிட்டது. கோழிக்கோட்டு வலி தணிப்பு மையத்தில் இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபின் தரப்பட்டது. கள்ளச்சந்தைக்குப் போனதாக ஒரு சான்றும் இல்லை. மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் சகாக்களும் 2001-இல் இதை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் நாடு முழுவதற்கும் ஒரே விதி என்ற திருத்தம் வர 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் வலியோடு இறந்தவர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

பிடிபட்ட ஹெராயினின் எடையைப் பெருமையோடு அறிவிக்கும் அரசு, நோயாளிகளைச் சென்றடைந்த மார்ஃபினின் எடையையும் மாவட்டவாரியாக ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும்.