குழாய் ஆட்டமும் அதன் வழிநூல்களும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்த நன்னூலார் கணினி ஆட்டங்களைக் கண்டவரல்லர். எனினும் அவர் வகுத்த அளவுகோல் இவற்றுக்கும் பொருந்தக் காண்கிறோம். பள்ளிக் கணினி அறையில் பிள்ளைகள் ஆடும் இலவச ஆட்டங்களுள் குழாய் பூட்டும் ஆட்டம் எனப் பெயர் பெற்றவை பல. அவை யாவும் ஒன்றே என எண்ணி, கிடைத்ததைக் கிடைத்தவாறே பிள்ளைகள் முன் வைத்துவிடுகிறோம். முதல்நூலின் உயிரைக் காத்தது எது, உடையை மட்டும் அணிந்து நிற்பது எது என ஆராய்வது ஆசிரியர் கடனேயாம்.

முதல்நூலாவது, 1989-இல் அமிகா கணினிக்கென ‘அசெம்பிளி லைன்’ குழுவினர் ஆக்கிய ‘பைப் மேனியா’. இங்கிலாந்தில் எம்பயர் நிறுவனம் அதனை வெளியிட்டது. அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தார் ‘பைப் டிரீம்’ என்னும் பெயரால் பரப்பினர். 1991-இல் மைக்ரோசாப்ட்டின் பொழுதுபோக்குத் தொகுதி ஒன்றில் இடம்பெற்றதும் அலுவலகக் கணினிகளிலும் அது புகுந்தது.

அதன் அமைப்பு மிக எளிது. கட்டங்களிட்ட பலகை ஒன்று. அதில் ஓரிடத்தில் ஊற்றுவாய். சிறிது நேரத்தில் அதனின்று பசை போன்ற நீர்மம் ஒன்று ஒழுகத் தொடங்கும். அதற்குள் குழாய்த் துண்டுகளை வைத்து வழி சமைக்க வேண்டும். துண்டுகள் ஏழு வகையே. கிடைக்குழாய் ஒன்று, நெடுக்குக்குழாய் ஒன்று, குழாய் வேலையாட்கள் எல்போ என்கிற வளைவுகள் நான்கு, குறுக்குக்குழாய் ஒன்று. இவை பலகையின் ஓரத்தே வரிசையாக வந்து நிற்கும். முன்னிற்கும் துண்டையே எடுக்க வேண்டும். அதனைத் திருப்பவும் இயலாது. வைத்ததை மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்குள் சிறிது காலம் வீணாகும். நீர்மமோ காத்திராது.

இவ்வாட்டத்தின் உயிர் எங்குள்ளது? குழாயிலன்று, வரிசையிலே உள்ளது என்பது என் துணிபு. ஒரு குழாயின் திறந்த வாயில் அடுத்து இணையத் தக்க துண்டுகள் எத்தனை என எண்ணிப் பாருங்கள். நீர்மம் இடமிருந்து வலம் வருவதாகக் கொள்வோம். கிடைக்குழாய் பொருந்தும், குறுக்குக்குழாய் பொருந்தும், இடப்புறம் வாயுடைய வளைவுகள் இரண்டும் பொருந்தும். ஏழனுள் நான்கு. எஞ்சிய மூன்றும் அவ்விடத்துக்கு ஆகா. மாமுன் நிரையும் விளமுன் நேரும் வர வேண்டும் என வெண்பாவுக்குத் தளை வகுத்தாற்போல, இங்கும் ஒவ்வொரு வாயும் தனக்கு அடுத்து வருவதற்கு நெறி வகுக்கிறது. ஆனால் புலவன் தனக்கு வேண்டிய சீரைத் தேடிக்கொள்வான். இங்கே சீரைப் பிறன் ஒருவன் நீட்டுகிறான்.

அப்படியாயின் ஆகாத மூன்றையும் என் செய்வது? இங்கேதான் ஆக்கியோரின் நுண்மதி விளங்குகிறது. துண்டை வாயின் அருகேதான் வைக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வெற்றுக் கட்டம் எதிலும் வைக்கலாம். இன்று பயனற்ற வளைவை நான்கு கட்டம் தள்ளி வைத்து, பின்னர் வழியை அதனிடம் கொண்டு சேர்க்கலாம். தேர்ந்த ஆட்டக்காரன் ஊற்றுவாயிலிருந்து வரிசையாக அடுக்கிச் செல்வதில்லை. பலகையின் நடுவிலும் ஓரத்திலும் சிதறி வைத்துப் பின் இணைக்கிறான். மேலும், வழி நீள வேண்டும் என்பதும் விதி. குறித்த எண்ணிக்கைத் துண்டுகளையாவது நீர்மம் கடந்தாலன்றி அடுத்த நிலைக்குச் செல்ல இயலாது. மெய்யான குழாய் வேலையில் இவ்வாறு சுற்றி வளைத்துப் போடுபவனுக்கு மறுநாள் வேலையிராது! குறுக்குக்குழாயும் அத்தகையதே. உண்மைக் குழாயில் நான்கு வாயும் ஒன்றாய்க் கலந்துவிடும். இவ்வாட்டத்திலோ அது பாலம் போல் இரு ஓட்டங்களைக் கலவாமல் கடத்திவிடுகிறது. உண்மைக்கு மாறெனினும் ஆட்டத்துக்கு இது இன்றியமையாதது.

இனி இலவச ஆட்டங்களுக்கு வருவோம். சைமன் டாட்டம் என்பார் தொகுத்து இலவசமாக வழங்கும் புதிர்களுள் ‘நெட்’ என்பது ஒன்று. கேடிஈ மென்பொருளோடு வரும் ‘கேநெட்வாக்’ அதற்கு உறவு. இவற்றில் துண்டுகள் எல்லாம் முன்னரே பலகையில் உள்ளன. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, யாவும் ஒரே பிணைப்பாகும்படி செய்தல் வேண்டும். துரத்தும் நீர்மம் இல்லை, வரிசையும் இல்லை. ‘நெட்’ ஆட்டத்தில் விடை ஒன்றே என்னும் உறுதியையும் கேட்டுப் பெறலாம். ஓரத்திலுள்ள துண்டு வெளியே வாய் காட்டலாகாது என்பதிலிருந்து தொடங்கி, ஐயத்துக்கு இடமின்றிப் படிப்படியாக விடைக்குச் செல்லும் இன்பம் அதில் உண்டு. கணக்குப் பாடத்துக்கு அது நல்ல துணை. ஆயினும் அதனை வழிநூல் என்றல் பொருந்தாது, சார்புநூலே. அதன் ஆசிரியரும் குழாய் எனப் பெயரிடாது வலை எனவே பெயரிட்டார். அந்நேர்மையைப் பாராட்டுகிறேன்.

குறை சொல்லத் தக்கவை வேறு. குழாய் என்னும் பெயரையும் படத்தையும் பூண்டு, உள்ளே துண்டைத் திருப்பும் விதியை வைத்திருப்பவை பல உலவுகின்றன. விதிக்குப் பதிப்புரிமை இல்லை. ஓவியத்துக்கும் தோற்றத்துக்குமே உண்டு. டெட்ரிஸ் ஆட்டத்தின் தோற்றத்தை அளவு மீறி ஒற்றியதற்காக 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று வேறொரு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆக, இலவசமாக எடுத்துக்கொள்ளத் தக்கது உயிர், எடுக்கலாகாதது உடை. இவர்களோ உயிரை விட்டு உடையை எடுத்தனர். விலைக்கு வந்த ‘பயோஷாக்’ என்னும் 2007-ஆம் ஆண்டு ஆட்டத்திலும் பூட்டுடைக்கும் இடத்தில் குழாய்ப் புதிர் வருகிறது. அங்கே துண்டுகளை இடம் மாற்றுவதே விதி. ஆயினும் நீர்மம் துரத்துகிறது. முழு ஆட்டம் பிள்ளைகளுக்கு ஆகாது எனினும், அச்சிறு பகுதி முதல்நூலின் பதைப்பையேனும் காத்தது.

இவ்வேறுபாடு எம்போன்ற ஆசிரியர்க்கு ஏன் வேண்டும்? திருப்பும் ஆட்டத்தில் பலகையிலுள்ள துண்டு ஒவ்வொன்றும் சரியானதே. சரியான திசையில் நிற்கவில்லை, அவ்வளவே. பாடநூற் பயிற்சிகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. விடை உண்டு என்னும் உறுதியோடுதான் பிள்ளை எழுதுகோலை எடுக்கிறது. வரிசை ஆட்டத்தில் அவ்வுறுதி இல்லை. வேண்டாத துண்டு வரும். அதற்கும் ஓர் இடம் காண வேண்டும். இரண்டாவது பயிற்சியைப் பள்ளி மிக அரிதாகவே தருகிறது. ஆதலின் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எளியதை மட்டும் தருவது பிள்ளைக்கு இழப்பாகும்.

கணினி போதாத தோட்டப் பள்ளிகளில் அட்டையே போதும். ஏழு வகைத் துண்டுகளையும் அட்டைகளில் வரைந்து, வகைக்குப் பத்தாக வெட்டிக் கலைத்து அடுக்குங்கள். மேலுள்ள ஐந்தை எல்லாரும் காண விரித்து வையுங்கள். பத்துக்கு ஏழாகக் கட்டம் கிழித்த தாள் பலகையாகும். நீர்மத்துக்கு ஈடாக, பிள்ளை மூன்று அட்டை வைக்கும்தோறும் ஆசிரியர் ஒரு கட்டத்தை வண்ணக்கோலால் நிரப்பி வரலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மூன்றை இரண்டாகக் குறைத்தல் நலம்.