தள்ளாடும் கால்களைப் பாருங்கள்

1978 அக்டோபரில் ஹாங்காங்கில் வெளியான ‘டிரங்கன் மாஸ்டர்’ பற்றிப் பேச்செடுத்தால், பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். குங்ஃபூ நகைச்சுவையில் இதைத் தாண்டி ஒரு படம் வரவில்லை என்பது ஒரு கட்சி. கதையே இல்லை, முகத்தை அஷ்டகோணலாக்கிச் சிரிப்பு வரவழைக்கப் பார்க்கிறார்கள், குரலும் உதடும் ஒட்டவில்லை, படம் பொசுக்கென்று முடிந்துபோகிறது என்பது மறு கட்சி. வேடிக்கை என்னவென்றால், மறு கட்சியின் புகார்களில் பெரும்பாலானவை உண்மைதான். அந்தப் புகார்களையே பிடித்துக்கொண்டு போனால் படத்தை ரசிக்கும் வழியும் தெரிந்துவிடும்.

முதலில் கதை. அடங்காத பிள்ளை ஒருவனைத் தகப்பன் ஒரு கறாரான கிழவரிடம் ஒப்படைக்கிறார். பையன் முரண்டு பிடிக்கிறான், ஓடிப்போகிறான், கூலிக்குக் கொலை செய்கிறவனிடம் அடிபட்டு அவமானப்பட்டுத் திரும்புகிறான், குடிகாரனைப் போலத் தள்ளாடிக்கொண்டே அடிக்கும் வித்தையைக் கற்கிறான், ஜெயிக்கிறான். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் வோங் ஃபெய் ஹங். 1847 முதல் 1925 வரை தென்சீனத்தில் நிஜமாகவே வாழ்ந்த வைத்தியர், வித்தை ஆசான். 1949இலிருந்து க்வான் டாக் ஹிங் என்ற நடிகர் டஜன் டஜனான படங்களில் அவரை நிதானமும் நீதியும் பிசகாத பெரியவராகவே நடித்துக் காட்டியிருந்தார். அப்பேர்ப்பட்டவர், இந்தப் படத்தில் கையில் காசில்லாமல் உணவகத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு நழுவப் பார்க்கிறார். தெருவில் ஒரு பெண்ணைச் சீண்டி, அவள் அம்மாவிடம் உதை வாங்குகிறார். பிறகுதான் அந்த அம்மாள் சொந்த அத்தை என்று தெரிகிறது. ஹாங்காங் ரசிகர்களுக்குப் பாதிச் சிரிப்பு இதிலேயே வந்துவிட்டது. நமக்கு அந்தப் பின்னணி கிடையாது. தெரிந்துகொண்டு பார்த்தால் ‘கதை இல்லை’ என்ற குறை பாதியாகக் குறைகிறது.

குரல் ஒட்டாத விஷயத்தில் டப்பிங்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அன்றைய ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் குரல் பதிவில்லாமலே எடுக்கப்பட்டு, பிற்பாடு குரல் சேர்க்கப்பட்டவை. கான்டனீஸிலேயே பார்த்தாலும் உதடு அங்கங்கே தப்பத்தான் செய்யும்.

அடுத்த புகார் முகச் சேட்டை. இங்கேதான் கண்ணை இடம் மாற்ற வேண்டும். வோங்காக வரும் ஜாக்கி சானின் முகத்தை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே பாருங்கள். அப்போது அவருக்கு வயது 24. சிறுவயதிலேயே ஹாங்காங்கில் யூ ஜிம் யூன் நடத்திய பீக்கிங் ஆபரா பள்ளியில் சேர்க்கப்பட்டு, சாம்மோ ஹங், யூன் பியாவ் போன்றவர்களோடு குட்டிக்கரணமும் பாட்டும் பிரம்படியுமாக வளர்ந்தவர். அந்த நாடக மரபில் அசைவெல்லாம் தாளத்துக்குக் கட்டுப்பட்டது. பரதநாட்டியத் தீர்மானத்தில் ஆடுபவர் சட்டென்று நின்று பாவம் காட்டுவதுபோல, இந்தச் சண்டைகளிலும் நாலைந்து அடிக்கு ஒரு நிறுத்தம் வரும். சிரிப்பு பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. ஆள் சரியப் போகிறான், சரியவில்லை. விழுந்துவிட்டான் என்று எதிராளி நெருங்கும்போது கீழேயிருந்து அடி வருகிறது. இயக்குநர் யூன் வூ பிங் கேமராவைப் பல இடங்களில் தள்ளியே வைத்து, இரண்டு பேரின் முழு உடம்பும் தெரியும்படி ஷாட்டை ஓடவிடுகிறார். ஒரே ஷாட்டில் எத்தனை அடி, எத்தனை தடுப்பு என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய இன்றைய சண்டைகளில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

பயிற்சிக் காட்சிகளுக்கும் இது பொருந்தும். பையனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே இருக்கும் தண்ணீரைச் சின்னக் கிண்ணங்களில் மொண்டு மேலே இருக்கும் வாளியில் ஊற்றச் சொல்கிறார் கிழவர். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் உடம்பு முழுதாக மடிந்து எழ வேண்டும். பார்க்கிறவர் சிரிக்கிறார், நடிப்பவரின் வயிற்றுத் தசை பொய் சொல்லவில்லை.

கிழவர் ஸோவாக வரும் யூன் சியூ டின் இயக்குநரின் சொந்தத் தகப்பனார். சிவந்த மூக்கும் கலைந்த தலையும் மதுக்குடுவையுமாக அவர் வந்து நின்றாலே படம் களைகட்டிவிடுகிறது. எதிரே வில்லன் ஹ்வாங் ஜாங் லீ, டேக்வாண்டோவில் தேர்ந்த கொரியர். படம் முழுக்க இவர் ஒருவர் சிரிப்புக்கு இடம் கொடுப்பதில்லை. அந்தக் கால்வீச்சு பயமுறுத்துவதால்தான் தள்ளாட்டம் எடுபடுகிறது. கோமாளித்தனமான வில்லனாக இருந்திருந்தால் படம் பிசுபிசுத்துப் போயிருக்கும்.

கடைசிச் சண்டையை இரண்டு முறை பார்க்க வேண்டும். சீனத் தொன்மத்தின் எட்டுச் சிரஞ்சீவிகளின் பெயரில் எட்டு வகைக் ‘குடிமயக்க’ அடிமுறைகள். நொண்டிக்கால் லீ ஒற்றைக்காலில் உதைப்பார். குழல் ஊதுபவருக்கு மணிக்கட்டு வேலை. பானை சுமப்பவர் கைகளை வட்டமாக வளைத்து இடிப்பார். இன்னொருவர் தொண்டையைக் குறிவைத்து நெரிப்பார். முதல் முறை யார் ஜெயிக்கிறார் என்று பார்த்துவிட்டு, இரண்டாம் முறை எந்த நேரத்தில் எந்தச் சிரஞ்சீவி வருகிறார் என்று கண்டுபிடியுங்கள். எட்டாமவர் ஹோ என்ற பெண். பெண்பிள்ளை முறை எதற்கென்று பையன் அதை ஒழுங்காகக் கற்கவில்லை; கடைசியில் தானே ஒன்றை இட்டுக்கட்டுகிறான். ஆண், பெண்ணாகக் குழைவதைக் காட்டிச் சிரிக்க வைப்பது இன்றைய பார்வையாளர் சிலருக்குப் பிடிப்பதில்லை. அது நியாயமான நெருடல்தான். கூடவே, பீக்கிங் ஆபராவில் பெண் வேடம் கட்டும் ஆண் கலைஞர்களுக்குப் பெரிய மரியாதை இருந்ததையும் நினைவில் வைத்தால், அந்தக் குழைவில் எவ்வளவு துல்லியம் இருக்கிறதென்று தெரியும்.

வில்லன் விழுந்த கையோடு படம் முடிவது அக்காலக் குங்ஃபூ படங்களின் வழக்கம். ஆனால் எல்லாவற்றுக்கும் சமாதானம் தேட வேண்டியதில்லை. நடுப்பகுதி இழுவைதான். நடிகர் டீன் ஷெக் வரும் வகுப்புக் காட்சியில் சேட்டை அளவு மீறுகிறது. அதே குழு அதே ஆண்டில் முன்னதாக எடுத்த ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’வில் பூனையையும் நாகத்தையும் மோதவிடும் காட்சியைப் பலர் சகிக்க முடியாமல் தாண்டிப் போகிறார்கள், தாண்டலாம், தப்பில்லை.

குங்ஃபூ நகைச்சுவை வகையை இந்தப் படம்தான் தொடங்கிவைத்தது என்று யாராவது அடித்துச் சொன்னால், 1975இல் வந்த ‘தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்’ படத்தைக் காட்டுங்கள். அதை இயக்கிய லாவ் கார் லியூங், வோங் ஃபெய் ஹங்கின் சீடப் பரம்பரையில் வந்தவர். அவருடைய தகப்பனாரின் குரு லாம் சாய் விங், வோங்கிடமே நேரில் பயின்றவர். 1994இல் வெளியான ‘டிரங்கன் மாஸ்டர் 2’ஐ இயக்கத் தொடங்கியவரும் அவரே. அடிமுறை எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கும் ஜாக்கிக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் விலகிக்கொள்ள, இறுதிச் சண்டையை ஜாக்கியே எடுத்தார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க நினைப்பவர்கள் 1978ஐயே முதலில் பார்க்கட்டும். இரண்டாவதன் வேகத்துக்குக் கண் பழகிவிட்டால் முதலாவதன் நிறுத்தங்கள் வெறும் தாமதமாகத் தோன்றிவிடும்.